ஒரு பிட் பிசகினால்

மூன்று மணி நேரம் காத்திருந்து இறக்கிய சுருக்கக் கோப்பு ஒன்றைப் பிரிக்கிறீர்கள். பச்சைப் பட்டை 97 சதவீதம் வரை ஓடி நிற்கிறது. ‘சிஆர்சி பிழை, கோப்பு சிதைந்திருக்கிறது’ என்று ஒரு பெட்டி எழுகிறது. அதுவரை பிரித்து வைத்ததையும் அந்த மென்பொருள் தானே அழித்துவிட்டு விலகிக்கொள்கிறது. இன்னொரு பக்கம், கீறல் விழுந்த பழைய டிவிடியிலிருந்து முக்கி முனகி நகலெடுத்த ஒரு வீடியோ. அதிலும் ஆங்காங்கே பைட்டுகள் பறிபோயிருக்கின்றன. ஆனாலும் ஓடுகிறது. நடுவில் நாயகனின் முகம் பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது, ஒரு வசனம் விக்குகிறது, சில நொடிகளில் எல்லாம் தெளிந்து படம் தன் போக்கில் போகிறது.

இரண்டுமே சுருக்கப்பட்ட கோப்புகள்தாம். ஒன்று ஏன் இவ்வளவு கறார், மற்றொன்று ஏன் இவ்வளவு தாராளம்? இரண்டும் கொடுத்த வாக்கு வேறு வேறு. ஜிப், ரார் வகையறாக்கள் வாங்கியதை ஒரு பிட்கூடக் குறையாமல் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. வீடியோ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு அதேபோலத் தெரிந்தால் போதும் என்பதோடு அதன் பொறுப்பு தீர்ந்தது. ‘திறக்க மாட்டேன் என்கிறது’, ‘ஓட மாட்டேன் என்கிறது’ என்று நாம் அன்றாடம் புலம்பும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

முதலில் ஜிப். கீர்த்தனைப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். அனுபல்லவி முடிந்ததும், ஒவ்வொரு சரணம் முடிந்ததும், பல்லவியை முழுதாக மறுபடி அச்சிட்டிருக்க மாட்டார்கள். அதன் முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். பாடுகிறவர் மேலே போய் அந்த வரியை எடுத்துப் பாடிவிட்டு இறங்கி வந்துவிடுவார். இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள டெக்னியான் நிறுவனத்தின் ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் இருவரும் 1977இல் வெளியிட்ட வழிமுறையின் சாரமும் இதுதான். முன்பே வந்துவிட்ட ஒரு துண்டு மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாதே. ‘இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடுத்துப் போடு’ என்று இரண்டு எண்களை மட்டும் எழுது. ஜிப் கோப்புகளில் பெரும்பாலும் புழங்கும் டிஃப்ளேட் என்ற முறை 32 கிலோபைட் தூரம் வரை பின்னோக்கிப் பார்க்கும். ஒரு மூச்சில் 3 முதல் 258 பைட் வரை எடுக்கும். பிரிக்கும் மென்பொருள் இந்தக் கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். சுருக்குவதைவிடப் பிரிப்பது பல மடங்கு வேகமாக முடிவதற்கும் இதுவே காரணம். சுருக்குகிறவர் தேட வேண்டும். பிரிப்பவர் சொன்ன இடத்துக்குப் போனால் போதும்.

தமிழில் ஒரு சொல்லை எடுத்து இதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘அம்மா’ என்பது 15 பைட். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். அவற்றை எண்களாக எழுதினால் இப்படி இருக்கும்: 224 174 133, 224 174 174, 224 175 141, 224 174 174, 224 174 190. எல்லா முதல் பைட்டும் 224. தமிழ்க் குறி எதை எடுத்தாலும் முதல் பைட் இதுவேதான். இரண்டாவது 174 அல்லது 175, வேறு இல்லை. இப்போது இரண்டாவது ‘ம’ வரும் இடத்தில் நில்லுங்கள். ஆறு பைட்டுக்கு முன்னால் இதே 224 174 174 இருக்கிறது. அதற்கு அடுத்ததும் 224. ஆகவே ‘6 பின்னால் போ, 4 எடு’ என்றாலே முழு ‘ம’வும், அடுத்து வரும் காலின் முதல் பைட்டும் கிடைத்துவிடுகின்றன. ஒரு சொல்லுக்குள்ளேயே இது நடக்கிறது என்றால், ‘கொண்டிருக்கிறது’, ‘என்று’, ‘வேண்டும்’ எல்லாம் பத்தி தவறாமல் வரும் ஒரு நாவலில் எவ்வளவு மிச்சப்படும் என்று பாருங்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டா என்று நம்மவர்களுக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அதன் பெரும்பகுதியை ஜிப் தீர்த்துவைத்துவிடுகிறது.

மிச்சமிருப்பதை இன்னொரு கை பார்க்கிறது. 224 இவ்வளவு அடிக்கடி வருமானால் அதற்கு ஏன் எட்டு பிட் செலவழிக்க வேண்டும்? அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடு, அரிதாக வருவதற்கு நீளமான குறியீடு என்று பங்கிட்டால் மொத்தம் குறையும். அப்படிப் பங்கிடுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்று நிரூபிக்கக்கூடிய ஒரு முறையை 1951இல் எம்ஐடி மாணவர் டேவிட் ஹஃப்மன் கண்டுபிடித்தார். பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தம் வகுப்பில், இறுதித் தேர்வு எழுதுவதற்குப் பதிலாக ஒரு கட்டுரை தரலாம் என்று சலுகை கொடுத்திருந்தார். கட்டுரைக்குக் கொடுத்த கணக்கு ஃபானோவுக்கே, தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானனுக்கே முழுதாகப் பிடிபடாத கணக்கு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மாதக்கணக்கில் முட்டிமோதிய ஹஃப்மன், குறிப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டுத் தேர்வுக்கே படிக்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில் விடை பளிச்சிட்டது. தேர்வும் தப்பியது. நீங்கள் பிரிக்கும் ஒவ்வொரு ஜிப்பிலும் அந்த வகுப்புக் கட்டுரை வேலை செய்துகொண்டிருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து நிரலாளர் ஃபில் காட்ஸ். 1980களில் தொலைபேசி வழியாகக் கோப்புகளை அனுப்பியவர்களிடம் ஆர்க் என்ற சுருக்கக் கருவி புழங்கியது. காட்ஸ் அதைவிட வேகமான ஒன்றை எழுதினார். ஆர்க்கின் உரிமையாளர்கள் 1988இல் வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிய, 1989இல் அவர் ஜிப் என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்து, அதன் விவரங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். போட்டியில் ஜிப் வென்றதற்குத் திறமையைவிட இந்தத் தாராளம்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். காட்ஸ் 2000 ஏப்ரலில், 37 வயதில், குடியால் உடல் சீர்கெட்டு ஒரு விடுதி அறையில் இறந்துகிடந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளான பி, கே இரண்டும் இன்றும் ஏறக்குறைய ஒவ்வொரு ஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளாக உட்கார்ந்திருக்கின்றன. வேர்டு ஆவணம், ஆண்ட்ராய்டு செயலி, மின்னூலுக்கான இபப் கோப்பு எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். வேர்டு கோப்பின் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்; உள்ளே படங்கள் தனியாக, எழுத்து தனியாக அடுக்கியிருக்கும். பழுதாகிப்போன ஆவணத்திலிருந்து புகைப்படங்களை மட்டும் மீட்க இது பலமுறை கைகொடுக்கும்.

சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் சுருக்கும் கருவி ஒன்று இருக்க முடியாது. பத்து பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் 1024. பத்தைவிடக் குறைந்த நீளமுள்ளவை வெற்றுக் கோப்பையும் சேர்த்து 1023தான். ஆயிரத்து இருபத்து நான்கு பேருக்கும் தனித்தனியாகக் கொடுக்க அங்கே இடம் இல்லை. எங்கோ இரண்டு கோப்புகள் ஒரே சுருக்கத்தில் போய் விழும். பிரிக்கும்போது எது எதுவென்று தெரியாது. ஆகவே திரும்பத் திரும்ப வரும் வடிவம் உள்ளே இருந்தால்தான் சுருக்கம். பூஜ்யங்களால் மட்டுமே நிரப்பிய கோப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இதை அடுக்கடுக்காக வைத்து யாரோ செய்த 42 கிலோபைட் ஜிப் ஒன்று, முழுதும் பிரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகும் என்று பெயர் பெற்றது. வைரஸ் தடுப்பு மென்பொருள்களைத் திணறடிக்கச் செய்த குறும்பு அது. மறுகோடியில், ஏற்கெனவே சுருக்கிய எதிலும் மீண்டும் வரும் வடிவம் மிச்சம் இருக்காது. எம்பி4 வீடியோவை ஜிப் செய்தால் ஒரு சதவீதம் குறைவதே அபூர்வம்.

அப்படியானால் இறக்கும் வீடியோக்கள் ஏன் ரார் கோப்புகளாக, அதுவும் பார்ட்1, பார்ட்2 என்று இருபது துண்டுகளாக வருகின்றன? பழக்கம்தான் முதல் காரணம். 1.44 மெகாபைட் பிளாப்பி காலத்தில் பெரிய கோப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் ஒரு மடலுக்கு இவ்வளவுதான் என்ற அளவு இருந்தது. பென்டிரைவ்களில் இன்றும் காணப்படும் ஃபேட்32 அமைப்பு ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூட விடாது. ரஷ்யாவின் யூஜின் ரோஷல் 1993இல் உருவாக்கிய ரார், துண்டு போடுவதிலும் பழுதைச் சரிக்கட்டுவதிலும் ஜிப்பைவிடக் கெட்டிக்காரன். அதனால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தகைய துண்டுகளில் வீடியோவைப் பெரும்பாலும் சுருக்காமல், உள்ளது உள்ளபடியே வைத்துக் கட்டியிருப்பார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்ப்பார்கள். அது தேவையில்லை. எல்லாத் துண்டுகளையும் ஒரே ஃபோல்டரில், பெயர் மாற்றாமல் போட்டு, முதல் துண்டை மட்டும் திறந்தால் மற்றவற்றை மென்பொருள் தானே எடுத்துக்கொள்ளும். இறக்கும்போது உலாவி ‘(1)’ என்று ஒரு குறியைச் சேர்த்துவிட்டால் போதும், அந்தத் துண்டு ‘காணவில்லை’ என்று கேட்டு நிற்கும். அளவுகளைச் சரிபார்ப்பதும் நல்லது: கடைசித் துண்டைத் தவிர மற்றவை எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் குற்றவாளி அதுதான். இருபதையும் மறுபடி இறக்க வேண்டாம்.

இனி அந்த சிஆர்சி. 1961இல் வெஸ்லி பீட்டர்சன் வகுத்த இந்தச் சோதனை, ஒரு கோப்பின் எல்லாப் பிட்டுகளையும் ஒரு மாபெரும் எண்ணாகப் பாவித்து, குறித்த ஒரு வகுப்பானால் ஒருவித வகுத்தல் செய்து மீதியை எடுத்துக்கொள்கிறது. ஜிப்பில் அந்த மீதி 32 பிட். சுருக்கும்போது அதையும் எழுதிவைத்துவிடுகிறார்கள். பிரித்து முடித்ததும் மென்பொருள் மறுபடி வகுத்துப் பார்க்கும். மீதி ஒத்துப்போனால் சரி. ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் நிச்சயம் பிடிபடும். கன்னாபின்னாவென்று சிதைந்த கோப்பு தற்செயலாகத் தப்பிப்பதற்கான வாய்ப்பு சுமார் 429 கோடியில் ஒன்று. சிதைவு எங்கே நடந்தது, எதைத் திருத்த வேண்டும் என்பதெல்லாம் சிஆர்சிக்குத் தெரியாது. ‘இது நீ கொடுத்தது அல்ல’ என்று மட்டும் சொல்லும். பழைய வகை ஜிப்பிலும் ராரிலும் கடவுச்சொல்லைத் தவறாக அடித்தாலும் இதே செய்தி வருவதும் அதனால்தான். தவறான சாவியால் திறந்து வந்த குப்பைக்கும் வழியில் சிதைந்த குப்பைக்கும் வித்தியாசம் அதற்கு ஒன்றும் இல்லை.

கறாராக இருப்பதில் நியாயம் உண்டு. பின்னால் போய் எடு, பின்னால் போய் எடு என்றே எழுதப்பட்ட கோப்பில் ஓரிடத்தில் ஒரு பைட் தவறினால், அதைச் சுட்டும் அடுத்தடுத்த கட்டளைகள் எல்லாம் தவற்றையே நகலெடுக்கும். ஹஃப்மன் குறியீடுகளுக்கு நீளம் வேறு வேறு. ஒன்று பிசகினால் அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே குழம்பும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுவதால் ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றாது. இகோர் பாவ்லோவின் 7-ஜிப் (1999), ரார் இரண்டிலும் எல்லாக் கோப்புகளையும் ஒரே சரமாகக் கோத்துச் சுருக்கும் வசதி உண்டு. இடம் நன்றாக மிச்சமாகும். ஆனால் சரத்தின் தொடக்கத்தில் அடிபட்டால் கடைசிக் கோப்பு வரை போய்விடும். ஜிப்புக்கு வேறொரு வினை இருக்கிறது. உள்ளே என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியல் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. இறக்கம் 99 சதவீதத்தில் அறுந்துபோனால் போகும் அந்த ஒரு சதவீதத்தில்தான் பட்டியல் இருக்கும். விண்டோஸ் ‘இது செல்லாத கோப்பு’ என்று கைவிரித்துவிடும். 7-ஜிப் போன்றவை ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இருக்கும் குட்டிக் குறிப்புகளைத் தேடிப் பிடித்து முடிந்தவரை மீட்டுத் தரும்.

வீடியோ இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. யார் மனமும் நோகாமல் பேச ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: ‘பிக் பக் பன்னி’. ஆம்ஸ்டர்டாமின் பிளெண்டர் அறக்கட்டளை 2008இல் வெளியிட்ட பத்து நிமிட அனிமேஷன் படம். யாரும் இலவசமாக இறக்கலாம், பகிரலாம். உலகெங்கும் வீடியோ மென்பொருள் எழுதுகிறவர்கள் சோதனைக்கு இந்தக் குண்டு முயலைத்தான் ஓடவிடுகிறார்கள். முழு ஹெச்டியில் ஒரு ஃபிரேமில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட். நொடிக்கு 24 ஃபிரேம். பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 149 மெகாபைட். பத்து நிமிடத்துக்கு 89 ஜிபி. நாம் இறக்குவதோ சில நூறு மெகாபைட். மிச்சம் எங்கே போனது?

பெரும்பகுதி தூக்கியெறியப்பட்டது. முதலில் நிறம். வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை நம் கண் கூர்மையாகப் பார்க்கும். நிறத்தில் அவ்வளவு கூர்மை இல்லை. நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல் வைத்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. எடுத்த எடுப்பிலேயே பாதி போயிற்று. அடுத்து, படத்தைச் சிறு சதுரங்களாக்கி, ஒவ்வொன்றையும் மெதுவான ஏற்ற இறக்கம், வேகமான ஏற்ற இறக்கம் என்று அலைகளாகப் பிரிக்கிறார்கள். வானம், சுவர், கன்னம் போன்ற இடங்களில் வேகமான அலைகள் ஏறத்தாழ பூஜ்யம். அவற்றை உண்மையிலேயே பூஜ்யமாக்கிவிட்டால் கண் ஏமாந்துவிடும். இதைச் செய்யும் கணிதத்தைக் கண்டுபிடித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல், இதை ஆராய நிதி கேட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று நிராகரித்துவிட்டார்கள். சம்பளமில்லாத கோடையில் தாமாகவே வேலையைத் தொடர்ந்தார். ஆய்வு மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை சில பக்கங்களில் முடிந்துவிடும். உங்கள் போனில் உள்ள ஜேபெக் புகைப்படங்களும் அநேகமாக எல்லா வீடியோக்களும் அந்தச் சில பக்கங்களின் வழித்தோன்றல்கள். நிதிக் குழுவில் இருந்தவர்கள் பிற்பாடு என்ன நினைத்தார்களோ!

பிறகு காலம். முயல் வளையைவிட்டு வெளியே வந்து சோம்பல் முறிக்கிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் மரமும் வானமும் பெரும்பாலும் அதேதான். எனவே ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவிட்டு, தொடர்ந்து வருபவற்றுக்கு ‘முந்தைய படத்தின் இந்தச் சதுரத்தை மூன்று புள்ளி இடப்பக்கம் நகர்த்து, இந்தக் கொஞ்ச வித்தியாசத்தைச் சேர்’ என்று மட்டும் எழுதுகிறார்கள். லெம்பெல், ஸிவ் வழிதான் இங்கேயும். சரியாக ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது, ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும். முழுதாக எழுதிய ஃபிரேமுக்குக் கீஃபிரேம் என்று பெயர். பரவலாகப் புழங்கும் எக்ஸ்264 என்ற மென்பொருள், தானாக விட்டால் அதிகபட்சம் 250 ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம் வைக்கும். அதாவது சுமார் பத்து நொடிக்கு ஒன்று. நீங்கள் பட்டையைப் பிடித்து இழுத்துப் படத்தை ஓரிடத்தில் விட்டால் சற்றுத் தள்ளிப்போய் நிற்கிறதே, அது பக்கத்துக் கீஃபிரேமைத் தேடிப் போவதுதான்.

பச்சைக் கட்டங்களின் மர்மமும் இங்கேதான் இருக்கிறது. வீடியோ சிதைவைப் பொறுத்துக்கொள்கிறது என்பது பாதி உண்மை. உள்ளே, கடைசிக் கட்டத்தில், அதுவும் ஹஃப்மன் பரம்பரைக் குறியீடுகளால்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பிட் பிசகினால் அங்கேயும் எல்லாம் குழம்பும். ஆனால் குழப்பம் ஓடும் தூரத்துக்கு எல்லை கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் எளிதில் அடையாளம் தெரியும் குறி உண்டு. அதைக் கண்டதும், பிரித்துக் காட்டும் நிரலான டிகோடர் பழையதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். சிதைந்த சதுரத்தை நம்பி நகர்ந்த ஃபிரேம்கள் எல்லாம் சிதைவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், அடுத்த கீஃபிரேம் வந்து துடைக்கும் வரை. பொறுத்துக்கொள்வது உண்மையில் நம் கண்தான். பத்து நொடிப் பச்சைக்காகப் படத்தை நிறுத்துகிறவர் உண்டா? வங்கிக் கணக்குப் பட்டியலில் பத்து எழுத்து பச்சையானால் விடுவோமா?

இப்போது அந்த 97 சதவீதத்துக்குத் திரும்பலாம். வின்ரார் மென்பொருளின் பிரிக்கும் சாளரத்தில் ‘சிதைந்த கோப்புகளையும் வைத்துக்கொள்’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை. உள்ளே வீடியோ சுருக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்தால், போன பைட்டுகள் போன இடத்திலேயே நிற்கும். அந்தத் தேர்வைக் குறியிட்டுப் பிரித்தால் பிழைச் செய்தி வரத்தான் செய்யும், ஆனால் கோப்பு கையில் இருக்கும். ஓடவிட்டால் எங்கோ ஓரிடத்தில் ஒரு சிதறல். அதற்காக மறுபடி மூன்று மணி நேரம் காத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆவணங்களுக்கும் மென்பொருளுக்கும் இந்த வேலை வேண்டாம். அங்கே சிஆர்சி சொல்வதுதான் வேதம்.

வீடியோவிலும் சமரசமே இல்லாத ஒரு பகுதி இருக்கிறது. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று நாம் சொல்வதெல்லாம் படத்தைச் சுருக்கிய முறையின் பெயர்கள் அல்ல. அவை வெறும் கொள்கலன்கள். உள்ளே இருக்கும் படம் 2003இன் எச்.264 ஆக இருக்கலாம், 2013இன் ஹெச்இவிசி ஆக இருக்கலாம், 2018இன் ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒலியும் அதேபோலத்தான். எம்பி4இல் எந்த ஃபிரேம் எந்த பைட்டில் தொடங்குகிறது, எந்த முறையில் பிரிக்க வேண்டும் என்ற முழுப் பட்டியலும் ‘மூவ்’ என்ற பெட்டியில் இருக்கிறது. போனில் படம் பிடிக்கும்போது, எடுத்து முடித்த பிறகே பட்டியல் தெரியும் என்பதால் அது கடைசியில் எழுதப்படுகிறது. தாலி கட்டும் நேரத்தில் பேட்டரி தீர்ந்து போன் அணைந்தால், அதுவரை பதிவான காட்சி பூராவும் உள்ளே பத்திரமாக இருந்தும் கோப்பு திறக்காது. அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பட்டியலைத் திரும்பக் கட்டும் கருவிகள் இருக்கின்றன. அழிப்பதற்கு முன் முயன்று பார்க்கலாம்.

கொள்கலன் வேறு, சரக்கு வேறு என்று தெரிந்துவிட்டால் மற்ற பல தொல்லைகளும் பிடிபடும். டிவியில் பென்டிரைவைச் செருகினால் படம் வருகிறது, ஒலி வரவில்லை: ஒலி டிடிஎஸ் போன்ற உரிமக் கட்டணம் கேட்கும் முறையில் இருக்கும், டிவி நிறுவனம் கட்டியிருக்காது. ஒலி வருகிறது, திரை கருப்பு: படம் ஹெச்இவிசியில் இருக்கும், அந்தப் பழைய டிவியின் சிப்புக்கு அது தெரியாது. பெயரில் எம்கேவியை அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதினால் ஒன்றும் மாறாது. பல மென்பொருள்கள் பெயரை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே முடிவு செய்கின்றன. சரக்கை அப்படியே வைத்துக் கொள்கலனை மட்டும் மாற்றுவது எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் சில நொடி வேலை, தரம் துளியும் குறையாது. சரக்கையே மாற்றினால் மணிக்கணக்காகும்; இருமுறை தூக்கியெறிந்ததால் தரமும் கொஞ்சம் போகும்.

எதைக் கொடுத்தாலும் ஓட்டும் என்று விஎல்சி பிளேயர் பேர் வாங்கியதற்கு ஒரு பிறவிக் காரணம் உண்டு. 1996இல் பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் வளாக வலையமைப்பில் வீடியோவை ஒளிபரப்பத் தொடங்கிய திட்டம் அது. வலையில் வரும் தரவுப் பொட்டலங்கள் வழியில் தொலையும். வந்ததை வைத்து ஓட்டியாக வேண்டும். சிதைவைச் சகிப்பது அதற்குத் தொடக்கத்திலிருந்தே பழக்கம். 2001இல் திறந்த மூலமானது. 2022இல் இந்தியாவில் அதன் இணையதளம் முடக்கப்பட்டிருந்த மாதங்களில் பலர் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கினார்கள். அந்த நவம்பரில் தடை நீங்கியது.

கண்ட கண்ட தளங்கள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. சினிமா ஆசையை வைத்து வலை விரிப்பவர்களுக்குச் சுருக்கக் கோப்பு வசதியான உறை. கடவுச்சொல் போட்ட ரார் கோப்புக்குள் வைரஸ் தடுப்பான் எட்டிப் பார்க்க முடியாது. கடவுச்சொல்லைப் பக்கத்திலேயே எழுதிவைத்திருப்பது அதற்காகத்தான். பிரித்தால் ‘படம்.எம்பி4.இஎக்ஸ்இ’ என்று ஒன்று இருக்கும். தெரிந்த வகைகளின் கடைசிப் பகுதியை விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடுவதால் ‘படம்.எம்பி4’ என்று மட்டும் கண்ணில் படும். இந்தப் படத்தைப் பார்க்க இந்தக் கோடெக்கை (பிரிக்கும் நிரலை) நிறுவுங்கள் என்பது இன்னொரு பழைய சூழ்ச்சி. 2000களின் நடுவில் ஸ்லோப் என்ற தீநிரல் இப்படித்தான் ஏராளமான கணினிகளுக்குள் போனது. வீடியோ பார்க்க இஎக்ஸ்இ எதுவும் தேவையில்லை. பிரிக்கும் மென்பொருளையும் புதுப்பித்து வைக்க வேண்டும். 2019இல் செக் பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் வின்ராரில் 19 ஆண்டுகளாகக் கிடந்த ஓட்டை ஒன்றை வெளிப்படுத்தினார்கள்: ஒரு கோப்பைப் பிரித்தாலே போதும், அது நீங்கள் சொன்ன ஃபோல்டருக்குப் போகாமல் கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியாகத் தமிழ் வசன வரிகள். அவற்றைத் தாங்கிவரும் எஸ்ஆர்டி கோப்பில் சுருக்கமும் இல்லை, மறைப்பும் இல்லை. நேர எண்களும் எழுத்தும் மட்டும் உள்ள வெற்று உரை. அதனால்தான் எந்தக் குறியாக்கத்தில் எழுதியது என்பதையும் அது சொல்வதில்லை. யூடிஎஃப்-8இல் இருக்கும் கோப்பை மேற்கத்தியக் குறியாக்கம் என்று எண்ணிப் படித்தால், தமிழின் 224 ஒவ்வொன்றும் தலையில் கோடு போட்ட ஒரு ரோமன் எழுத்தாகத் திரையில் வரிசை கட்டும். அதைக் கண்டால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். பிளேயரின் அமைப்பில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் சரியாகிவிடும். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றால், எழுத்துரு இருக்கிறது, இந்திய எழுத்துகளை வரிசை மாற்றிக் கோக்கும் நிரல் அந்தச் சாதனத்தில் இல்லை. விலை மலிவான டிவிகளில் இதை நிறையப் பார்க்கலாம். அங்கே அமைப்பில் எதை மாற்றியும் பயனில்லை. வசனத்தைக் கணினியிலேயே படத்தின் மேல் எழுதி, புதிதாக ஒரு முறை சுருக்கிக் கொண்டுபோவதுதான் வழி.